கே.எஸ். என்றால் தெரியாது

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதுவதானால் தகப்பன் பெயரோடு முழுதாக எழுத வேண்டும். முதலெழுத்து மட்டும் போட்டால் அவருக்குப் பிடிக்காது. முழுதாக எழுதினால் அவருடைய சனம் இன்றைக்கும் ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே மிஸ் என்றே எழுதுகிறேன். கம்பனியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

கம்பனி கொட்டாஞ்சேனையில் இருந்தது. தண்ணீர் பம்புகளும் அவற்றை ஓட்டும் டீசல் எஞ்சின்களும் விற்றோம். எல்லாம் செக்கோஸ்லவாக்கியாச் சாமான். முதலாளியை ஹாஜியார் என்போம். தலைமை பிட்டர், எஞ்சின் பூட்டிக் கழற்றுபவர், மாளிகாவத்தையிலிருந்து வருவார். அவரை நானா என்போம். நான் அவருக்குக் கீழே வேலை செய்தேன். மிஸ் ரைப் அடிப்பார். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் வாடகை அறை. ஊர் யாழ்ப்பாணம். நாற்பதைத் தாண்டிய வயது. கலியாணம் இல்லை. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஓர் எழுத்துச் சுருக்கத்தைக் கண்டால் விரிக்காமல் விடமாட்டார். தெரியாத சுருக்கத்தை ஊகித்து விரிக்கவும் மாட்டார். மிஸ்ஸைப் பற்றி யாராவது கேட்டால் நான் இந்த இரண்டையும்தான் சொல்வேன்.

எஞ்சினோடு ஒரு புத்தகம் வரும். மெனுவல் என்போம். அந்த நாட்டில் யாரோ தங்கள் பாஷையிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றியது. மாற்றியவர் சொற்களை மாற்றினார். சுருக்கங்களை அப்படியே விட்டுவிட்டார். படத்திலும் அட்டவணையிலும் சாமான் பெட்டியின் மேலும் S. Kan., V. Kan., P. Vel., O. Nal. என்று இருக்கும். வாங்கிப் போன தோட்டத்துரைமார் ரெலிபோன் எடுத்து ஏசுவார்கள். இங்கிலீஷிலேயே படித்தவர்கள். அவர்களுக்கும் அது விளங்கவில்லை. அந்த நாட்டுக்காரனுக்கு மட்டும் விளங்கும். அவன் இந்தப் புத்தகத்தை வாசிக்கப் போவதில்லை.

ஹாஜியார் அந்த வேலையை மிஸ்ஸிடம் கொடுத்தார். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் விரிவு எழுதி ஒரு தாள் அடிக்க வேண்டும். அதைப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுப்போம்.

இதை ஒரு நாள் வேலை என்று நினைத்தோம். S. Kan., V. Kan. இரண்டும் எஞ்சின் தலையில் உள்ள குழாய்களின் துளைகள். நானா பார்த்த உடனே சொன்னார்.

"ஒண்டு காத்து உள்ள போற. மத்தது பொக வெளிய வார. இதுல யோசிக்க என்ன மிஸ் ஈக்கி? அடிங்க."

மிஸ் அடிக்கவில்லை. ரைப் அடிக்கும் மெல்லிய தாளில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். படத்தில் S. Kan. என்று அம்புக்குறி போட்டிருந்த துளைக்கு முன்னால் அதைப் பிடித்தார்.

"தம்பி, சுத்துங்கோ."

நான் கைபிடியைச் சுற்றினேன். தாள் போய்த் துளையில் ஒட்டிக்கொண்டது.

"இழுக்குது," என்றார். "இனி எழுதலாம்."

நானா சொன்னதும் அதுதான். ஆனால் நானா சொன்னபோது எழுதவில்லை. நானா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மிஸ் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நானா கோபிக்காததற்குக் காரணம் இருந்தது. அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். அது நான் வேலைக்குச் சேர முன்பு நடந்தது. எஞ்சினின் ஸ்விட்ச்சில் ஒரு பக்கம் ZAP என்றும் மறு பக்கம் VYP என்றும் போட்டிருந்தது. எது ஓட்டுவது, எது நிறுத்துவது என்று புத்தகத்தில் இல்லை. நானா ஒரு நியாயம் சொன்னார். இசட் கடைசி எழுத்து, கடைசி என்றால் நிறுத்து. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மிஸ் அப்போது புதிது. ZAP என்றால் நிறுத்து என்று ஒரு தாளில் அடித்து எஞ்சினில் ஒட்டிவிட்டார். ஒரு நாள் நானா அந்தத் தாளை நம்பி ஸ்விட்ச்சை ZAP பக்கம் திருப்பிவிட்டு, பெல்ட்டில் கை வைத்தார். ZAP என்றால் ஓட்டு.

நியாயமும் அவருடையது, விரலும் அவருடையது. ஆனால் அந்த வரியை அடித்தது மிஸ். அதன் பிறகு அவர் ஊகித்து ஒரு சொல் அடித்ததில்லை. நானா அதைப் பகிடியாக்கி வைத்திருந்தார். தேத்தண்ணி குடிக்கும்போது கையை நீட்டுவார்.

"மிஸ், எண்ட விரலுக்கும் சுருக்கம் போட்டுட்டாங்க. இத விரிங்க பாப்பம்."

மிஸ் சிரிக்கமாட்டார். "கையைக் கழுவிப்போட்டுக் குடியுங்கோ, நானா," என்பார்.

வெளியிலும் அப்படித்தான். அந்தச் சண்டைக் காலத்தில் கொழும்பில் எங்கள் தமிழ் ஆட்கள் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். சிவசுப்பிரமணியம் சிவா ஆனார். பாலசுந்தரம் பாலா ஆனார். பஸ்ஸை மறித்துச் சோதிக்கும் தடை முகாமில் நீளப் பெயர் சொன்னால் நேரமும் நீளும். மிஸ் மட்டும் தகப்பன் பெயர், தன் பெயர் இரண்டையும் ஓர் எழுத்துக் குறையாமல் சொல்வார். ஆமிக்காரன் எழுத முடியாமல் முழிப்பான். மிஸ் திரும்பவும் மெதுவாகச் சொல்வார். ஒருமுறை பஸ்ஸில் அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "இவ தன்ர பேரைச் சொல்லி முடிக்கேக்க எங்கள் எல்லாரையும் இறக்கப் போறாங்கள்."

இறக்கவில்லை. ஆனால் அந்த மனிதரின் பயம் பிழையென்று நான் சொல்லமாட்டேன்.

தந்தி வந்த கதையையும் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் இல்லாத காலம். பாதையும் மூடியிருந்தது. வவுனியாவில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் கம்பனி விலாசத்துக்குத் தந்தி அடித்தார். சொல் கூடினால் காசு கூடும் என்று சுருக்கி அடித்திருந்தார். M EXP. கடிதம் வருகிறது. இவ்வளவும்தான்.

மிஸ்ஸின் தாய்க்கு முதல் எழுத்து எம். அம்மாவை இங்கிலீஷில் சொன்னாலும் எம். தங்கைக்கும் முதல் எழுத்து எம்தான். தங்கை பிள்ளைத்தாச்சி. EXP என்றால் இறந்துவிட்டார் என்றும் வரும். பிள்ளைக்கு நாள் கிட்டிவிட்டது என்றும் வரும். கொழும்புக்கு வருகிறார், எதிர்பாருங்கள் என்றும் வரும்.

ஹாஜியார் உள்ளே கூப்பிட்டு லீவு எடுக்கச் சொன்னார். நானா தலையைக் குனிந்துகொண்டு, "மவுத்து வீடுதான் மிஸ். அழுதிடுங்க. மனசுக்கு லேசா ஈக்கும்," என்றார்.

"ஆருக்கு அழுறது?" என்று கேட்டார் மிஸ்.

அவர் மெஷினில் தாளைச் செருகி வேலையைத் தொடர்ந்தார். கடிதம் வரும் மட்டும் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தார். அதே சாப்பாடு, அதே குடை. தபால்காரன் படியேறினால் மட்டும் ரைப் சத்தம் நிற்கும். பிறகு தொடங்கும். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் பட்டறைக் கதவைச் சாத்திவிடுவேன்.

கடிதம் வந்தது. இறந்தது தாய். முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்திருந்தது. தாய் செத்த செய்தி கையில் இருக்க, தலை பின்னிக்கொண்டு வேலைக்குப் போனவள் என்று சொந்தக்காரர் அவரோடு கதைப்பதை விட்டார்கள். மிஸ் அன்றைக்குத்தான் அழுதார். சாமான் அறைக்குள் போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதார். நானா வாசலில் நின்று எவரையும் உள்ளே விடவில்லை.

இப்படிப்பட்ட ஒருவரின் கையில் என் விடுதலை ஒரு நாள் போய்ச் சேர்ந்தது.

கொலன்னாவையில் ஓர் ஐஸ் தொழிற்சாலை. அவர்களுடைய பம்ப் நின்றுவிட்டது. என்னென்ன சாமான் மாற்ற வேண்டியிருக்கும் என்று மெனுவலைப் பார்த்து ஒரு துண்டில் எழுதினேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்து எழுதத்தான் தெரியும். பெட்டியின் மேல் இருக்கிறபடி எழுதினேன். S. Kan. 2 ks. V. Kan. 2 ks. P. Vel. 4 ks. O. Nal. 1 ks. இப்படிப் பன்னிரண்டு வரி. எல்லா வரியும் ks என்று முடியும்.

மிஸ் பார்த்தார். "தம்பி, விரிச்சு எழுதிக்கொண்டு போங்கோ."

"நேரமில்லை மிஸ். பஸ் போயிரும்."

"இந்த ks என்னெண்டு எனக்கு இன்னும் தெரியாது," என்று சொல்லி, பென்சிலால் முதல் ksக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தந்தார். நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கிழமை நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. தெமட்டகொடைத் தடை முகாமில் பஸ்ஸை மறித்தார்கள். தமிழர் இறங்க வேண்டும். ஆமிப் பொடியன் ஒருவன் என் பையிலிருந்து தாளை எடுத்தான். பார்த்தான். எங்கே போகிறாய் என்று கேட்டான். கொலன்னாவைக்கு என்றேன். அங்கேதான் அரசாங்கத்தின் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. அவன் அடுத்த கேள்வி கேட்கவில்லை. ஜீப்பைக் கூப்பிட்டான்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். நித்திரை இல்லாத மனிதர். மேசையில் என் தாளை வைத்தார். அதற்குப் பக்கத்தில் தன் தாளை வைத்தார். அதில் அவரும் விரித்திருந்தார். S. Kan. என்பதற்கு நேரே எஸ். கந்தசாமி. V. Kan. என்பதற்கு வி. கந்தையா. P. Vel. என்பதற்கு பி. வேலாயுதம். O. Nal. என்பதற்கு நல்லதம்பி என்று எழுதி, ஓவுக்குப் பெயர் கிடைக்காமல் அந்த எழுத்தின் கீழே கோடு போட்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் முதலெழுத்தும் அரைப் பெயருமாகத்தானே இருந்தார்கள். பார்க்க அப்படியேதான் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் தெரிந்தது.

"இந்த ஆட்களுக்கு எண் போட்டிருக்கு," என்றார் சிங்களத்தில். "எல்லாம் கே.எஸ்.ஸுக்குப் போகுது. கே.எஸ்.தான் பெரியவன். யார் அவன்?"

"ஆள் இல்லை சேர். சாமான்."

"என்ன சாமான்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "கடைச் சாமான்," என்றேன். "கே, எஸ். கடைச் சாமான் சேர்."

எழுதிக்கொண்டார். பிறகு கம்பனிக்கு ரெலிபோன் எடுத்தார். ஹாஜியாரும் பயந்துவிட்டார் போலிருக்கிறது. கிட் செட் என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் அதையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினார். ரெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ ஒன்று சொல்கிறாய். உன் முதலாளி ஒன்று சொல்கிறார். உண்மையென்றால் ஒன்றுதானே இருக்கும்?"

என்னை உள்ளே போட்டார்கள். அடித்தார்களா என்பதை இங்கே எழுதவில்லை.

மறுநாள் காலை என்னை வெளியே எடுத்து மர வாங்கில் இருத்தினார்கள். அங்கே ஒரு கிழவர் இருந்தார். வெள்ளை வேட்டி, கையில் செருப்பு. வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தவர். மகனிடம் கனடா போக விசாவுக்குக் காத்திருந்தவர். பெயர் எஸ். கந்தசாமி. அதற்காகத்தான் பிடித்து வந்திருந்தார்கள்.

"தம்பி, என்னை உமக்குத் தெரியுமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது ஐயா."

"அப்ப ஏன் என்ர பேரை எழுதினனீர்?"

"எழுதல்ல ஐயா. அது எஞ்சினில ஒரு காத்துக் குழாய்."

"நான் காத்துக் குழாயோ?" என்றார்.

கொன்ஸ்டபிள் சத்தம் போட்டான். பேச்சை நிறுத்தினோம்.

மிஸ் வந்தார். கையில் மெனுவலும் குடையும். பின்னால் நானா. நானாவை வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள். பெயர் கேட்டபோது மிஸ் முழுதாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதி முடிக்கும் மட்டும் பொறுத்திருந்தார். மிஸ்ஸின் சிங்களம் புத்தகச் சிங்களம். ஒவ்வொரு சொல்லாக வைப்பார்.

மெனுவலைத் திறந்து படத்தைக் காட்டினார். S. Kan., காற்று இழுக்கும் குழாய். எப்படித் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தாள் பிடித்துப் பார்த்த கதையைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தன் தாளில் கந்தசாமியை வெட்டினார். என் பக்கத்தில் இருந்தவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. V. Kan., புகை போகும் குழாய். கந்தையாவை வெட்டினார். Vel. என்று வருவதெல்லாம் போல்ட்டின் அளவு. அளந்து பார்த்தது. வேலாயுதத்தை வெட்டினார். O. Nal., எண்ணெய் ஊற்றும் புனல். நல்லதம்பியையும் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் என் கால் கொஞ்சம் லேசானது.

அதற்குப் பிறகு ks.

இன்ஸ்பெக்டர் பேனையை மூடினார். குரலை இறக்கிக்கொண்டார். "இது கீ ஸ்விட்ச் தானே மிஸ்? உங்கள் முதலாளி நேற்று அப்படித்தான் சொன்னார்."

ஹாஜியார் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியாது. தலையை ஆட்டினால் நாங்கள் தொலைந்தோம். ஓம் என்றால் மூன்று பேர் மூன்று பொய் சொன்னதாகிவிடும். நான் இருமப் பார்த்தேன். கொன்ஸ்டபிளின் கை என் தோளில் இருந்தது. இருமல் வரவில்லை.

வாசலில் நின்ற நானா தமிழில் முணுமுணுத்தார். "ஓமெண்டு செல்லுங்க மிஸ். ஒரு வார்த்ததானே. பொடியன் பாவம்."

மிஸ் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார். திரும்பவும் பழைய பக்கத்துக்கு வந்தார்.

"தெரியாது," என்றார்.

"உங்கள் முதலாளி சொல்கிறாரே."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது."

"இந்தக் கேள்விக்குறி?"

"நான் போட்டது. தெரியாததுக்குப் போடுறது."

"சரி. ஊகித்துச் சொல்லுங்கள்."

மிஸ் அவருடைய தாளைப் பார்த்தார். வெட்டிய பெயர்களைப் பார்த்தார். "ஊகம் உங்களிட்டயே இருக்கு சேர்," என்றார். "இன்னொண்டு என்னத்துக்கு?"

கந்தசாமி ஐயா கண்ணை மூடிக்கொண்டார். கொன்ஸ்டபிளின் விரல்கள் என் தோளில் இறுகின. இன்ஸ்பெக்டர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"அப்படியென்றால் கே.எஸ். யார் என்று தெரியும் மட்டும் இவர்கள் இரண்டு பேரும் இங்கேயே இருக்கட்டும்," என்றார்.

"மத்தியானம் வாறன்," என்று சொல்லி மிஸ் எழும்பினார். என்னைப் பார்த்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓம் சொல்லாதது சரியென்று தெரிந்தும் நான் அவரை வெறுத்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. தாய் செத்த தந்திக்கே அழாமல் இருந்தவள் எனக்காகவா ஓர் ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். கந்தசாமி ஐயா என் காதுக்குள் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு உம்மில ஏதும் கோபமோ?"

"இல்லை ஐயா. அவ அப்படித்தான்."

"அப்படியும் ஒரு பிறவியோ," என்றார்.

மத்தியானம் ஓட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. மிஸ்ஸும் நானாவும் சாமான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முத்திரை உடைக்காத சின்ன அட்டைப் பெட்டிகள். நடுவில் திறந்த பெட்டியும் ஒன்றிரண்டு. எல்லாவற்றின் மேலும் எண்ணும் ksஉம் இருந்தன. வாசலில் நின்ற பொலிஸ்காரர்கள் ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். மிஸ் அவற்றை இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்தார்.

"நீங்களே ஒண்டை எடுங்கோ சேர்," என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒன்றைத் தொட்டார். 4 ks. மிஸ் முத்திரையை உடைத்து மேசையில் கொட்டினார். நாலு போல்ட். அடுத்தது 2 ks. இரண்டு வளையம். அடுத்தது 1 ks. ஒரு புனல். கொன்ஸ்டபிள்மார் வந்து சுற்றி நின்றார்கள். என் தோளில் இருந்த கையும் போய்விட்டது. 6 ks. ஆறு. கூட்டத்தில் ஒருவன் வாய்விட்டு எண்ணினான்.

இன்ஸ்பெக்டர் ஒரு திறந்த பெட்டியை இழுத்தார். 10 ks. வாஷர். மிஸ் கொட்டி, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். நின்றார். திரும்பவும் எண்ணினார்.

"ஒன்பது," என்றார்.

பெட்டியைத் தூக்கி உள்ளே பார்த்தார். ஒன்றும் இல்லை.

"பத்து என்று போட்டிருக்கிறது," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓம்."

"ஏன் ஒன்பது?"

"தெரியாது."

இந்த மனுஷி ஒன்பதைப் பத்து என்று சொல்லக்கூடாதா? யார் திரும்ப எண்ணப் போகிறார்கள்?

நானா வாசலிலிருந்து கையை உயர்த்தினார். அவசரத்தில் இடது கையை உயர்த்திவிட்டார். சிங்களத்தில் சொன்னார். "நான் எடுத்த சேர். கொள்ளுப்பிட்டி ஹோட்டல் பம்புக்கு ஒண்டு போட்டேன். சொல்ல மறந்திட்டேன்."

இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பாதி விரலைப் பார்த்தார். "அங்கேயும் ஒன்று குறையுது," என்றார்.

முதலில் கொன்ஸ்டபிள் ஒருவன் சிரித்தான். பிறகு மற்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

"எங்களை ஏமாற்றச் சோடித்துக் கொண்டுவந்த பெட்டி என்றால் பத்தும் சரியாக இருக்கும்," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். கடைசியாக மிஸ்ஸிடம் கேட்டார். "இப்போது கே.எஸ். என்றால் என்ன?"

"எத்தனை எண்டு சொல்லுறது. எண்ணிக்கை. இந்தப் பெட்டிகளில கண்டதை வைச்சு இப்ப சொல்லலாம்."

அவர் பேனையைத் திறந்து கே.எஸ்.ஸை வெட்டினார்.

கந்தசாமி ஐயா செருப்பைப் போட்டுக்கொண்டு எழும்பினார். "ஐயா, நான் போகலாமோ? இல்லாட்டி இன்னும் குழாய்தானோ?" என்று தமிழில் கேட்டார். இன்ஸ்பெக்டருக்கு விளங்கவில்லை. மிஸ் அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னார். ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியே வெயில். நானா பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றினார். நான் மிஸ்ஸிடம் ஹாஜியார் சொன்னது கிட் செட் என்று சொன்னேன். நான் சொன்னது கடைச் சாமான் என்றும் சொன்னேன். அவர் நின்றார்.

"அப்ப அந்த கீ ஸ்விட்ச்?"

"அது அவர் வைச்ச பொறி, மிஸ்."

தலையை ஆட்டினார். சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை.

"மிஸ், பெட்டி கிடைச்சிருக்காட்டி இன்னும் எத்தனை நாள் உள்ள இருந்திருப்பேன்?"

"தெரியாது," என்றார்.

"ஆனாலும் நீங்க தெரியாதெண்டுதான் சொல்லியிருப்பீங்க."

"ஓம்."

மன்னிப்புக் கேட்கவில்லை. நான் நொண்டி நடப்பதைப் பார்த்து, என் பக்கம் குடையைச் சரித்துப் பிடித்தார்.

ஐஸ் தொழிற்சாலைப் பம்ப் இன்னும் ஓடவில்லை. ஹாஜியார் என்னைப் போகச் சொல்லக் கூச்சப்பட்டு நானாவிடம் சொன்னார். நானா என்னிடம் சொன்னார். நான் போகமாட்டேன் என்றேன். அந்தப் பாதையால் இனி எந்த நாளும் போகமாட்டேன் என்றேன். மிஸ் மெஷினை மூடினார். முழுதாக விரித்து அடித்த தாளை மடித்து என்னிடம் தந்தார்.

"நான் உங்களோட வாறன்," என்றார்.

அதே தடை முகாம். அதே ஆமிப் பொடியன். என்னை அடையாளம் கண்டான். கையைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன். பையிலிருந்து தாளை எடுத்து விரித்தான்.

"நான் வாசிக்கிறன்," என்று மிஸ் சிங்களத்தில் சொன்னார். அவன் கையிலிருந்த தாளின் முதல் வரியில் விரலை வைத்தார். S. Kan. என்றால் காற்று இழுக்கும் குழாய். இரண்டு. V. Kan. என்றால் புகை போகும் குழாய். இரண்டு.

நாலாவது வரியில் அவன் களைத்துப் போனான். "ஹரி, ஹரி. யன்ன," என்றான். சரி, சரி, போ என்று விட்டுவிட்டான். பஸ் ஹோர்ன் அடித்தது. வரிசையில் பின்னால் நின்ற பெண் ஒருத்தி மிஸ்ஸின் முழங்கையை இழுத்தாள்.

"அக்கா, விட்டிட்டான். வாங்கோ. என்ன பார்க்கிறியள்?"

"இன்னும் முடியேல்லை," என்றார் மிஸ்.

ஐந்தாவது வரி. ஆறாவது வரி. என் அக்குளில் வியர்வை வழிந்தது. ஆமிப் பொடியன் துவக்கை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினான். மிஸ் குரலை உயர்த்தவும் இல்லை, வேகப்படுத்தவும் இல்லை. பன்னிரண்டு வரியும் வாசித்தார். கடைசியில் ksக்கும் சொன்னார். பிறகு நிமிர்ந்து அவனைக் கேட்டார்.

"விளங்காதது ஏதும் இருக்கோ?"

அவனுக்கு இருபது வயது இருக்காது. இல்லையென்று தலையை ஆட்டினான். தாளை மடித்தான். கிட்ட வந்து அதை என் சட்டைப் பையில் வைத்தான். பொத்தானையும் அவனே போட்டான்.

நான் கையைத் தூக்கியபடியே நின்றேன்.